'திருவிழா முடியட்டும்' என்று நாள் கடத்துகிறவர்களுக்கு: உளவளத்துணையில் தொடங்கி மணிக்கூடு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலைத் தள்ளிப்போட வருடம் முழுக்கக் காரணம் கிடைக்கும். ஆடியில் புதிதாக எதுவும் தொடங்கக் கூடாது. அதை ஒட்டி நல்லூரில் கொடியேறிவிடும்; 25 நாள் திருவிழா, அது முடியட்டும். பிறகு நவராத்திரி, பிறகு தீபாவளி. கார்த்திகையில் மழை, ஒழுங்கையெல்லாம் வெள்ளம். மார்கழி பீடை மாதம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று காத்திருந்தால் தையும் பிறந்து, சித்திரை வருடப்பிறப்பும் போய், மறுபடி ஆடி வந்து படலையில் நிற்கும்.

நான் இப்படி இரண்டு ஆடிகளைக் கடத்தியவன். கம்பஸ் இறுதி வருடத்து ஆய்வேடு. கூடப் படித்தவர்கள் பட்டமளிப்புக்குப் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மேற்பார்வையாளரின் கண்ணில் படாமல் இருக்கப் பின் ஒழுங்கையால் சைக்கிள் ஓடினேன். அந்தக் குழிக்குள் இருந்து ஏறிய வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஏஎல் (உயர்தரம்) படிக்கிறவருக்கும், ஆய்வேட்டில் சிக்கியவருக்கும், மூன்று வருடமாகக் காணி உறுதியைத் திருத்தப் போகாமல் இருக்கிறவருக்கும் இது பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேர அட்டவணை போடுவதில் எங்கள் ஆட்களை வெல்ல முடியாது. பச்சை, சிவப்பு, நீலம் என்று மூன்று நிறப் பேனையால், பாடத்துக்கு ஒரு பெட்டி, சாப்பாட்டுக்குக்கூட ஒரு பெட்டி போட்டுச் சுவரில் ஒட்டுவோம். அட்டவணை போட ஒரு முழு நாள் போகும். அந்த நாள் படிப்பு இல்லை. மறுநாள் ஒரு பெட்டி தவறும், மூன்றாம் நாள் அந்தச் சுவரைப் பார்க்காமல் நடப்போம். ஆகவே இந்த வழிகாட்டியில் மணிக்கூடு ஆறாம் படியில்தான் வருகிறது. நேராக அங்கே தாவுகிறவர்களைத் தடுக்க என்னால் முடியாது. நானும் பல தடவை தாவி விழுந்தவன்தான்.

பஞ்சி வேறு, இது வேறு

பஞ்சி, அதாவது சோம்பல், பிடித்தவன் பாயில் கிடப்பான், அதில் அவனுக்கு ஒரு சுகமும் உண்டு. தள்ளிப்போடுகிறவனுக்கு அந்தச் சுகம்கூடக் கிடையாது. ஆய்வேடு எழுத வேண்டிய காலத்தில் நான் சும்மா இருந்ததே இல்லை. சைக்கிளை முழுக்கக் கழற்றிப் பூட்டினேன். கிணற்றடிப் பாசியைத் தேய்த்துக் கழுவினேன். சித்தியின் மகளுக்கு ஓஎல் (சாதாரண தரம்) கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். பொறுப்பான பெடியன் என்று அயலில் பெயர் வேறு. அந்த ஒரு வேலையைத் தவிர எல்லாவற்றையும் செய்தேன்.

கனடாவில், ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் டிம் பிச்சில் என்ற உளவியல் பேராசிரியர் பல வருடங்களாக இதையே ஆராய்ந்தவர். அவருடைய முடிவைச் சுருக்கினால் இதுதான்: தள்ளிப்போடுதல் நேரத்தைக் கையாளத் தெரியாத கோளாறு அல்ல, உணர்வைக் கையாளும் ஒரு முறை. வேலையை நினைத்தவுடன் பயமோ சலிப்போ வெட்கமோ எழுகிறது. வேலையை விட்டு நகர்ந்தவுடன் அது இறங்குகிறது. அந்த இறக்கம் ஒரு பரிசு. பரிசு கிடைத்தால் மனம் அதையே திரும்பச் செய்யும்.

1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதன் மற்றப் பக்கத்தைக் காட்டியது. தவணையின் தொடக்கத்தில், தள்ளிப்போடும் மாணவர்களுக்கு மற்றவர்களைவிட அழுத்தமும் உடல் உபாதையும் குறைவாக இருந்தன. தவணை முடிவில் இரண்டுமே கூடின, புள்ளிகளும் குறைந்தன. முதலில் கிடைத்த ஆறுதல் கடனாக வாங்கியது. கடைசியில் வட்டியோடு கட்ட வேண்டி வருகிறது.

படி 1: ஒரு கிழமைக்கு ஒரு கொப்பி

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். போனில் குறிக்க வேண்டாம், போனைத் திறந்தால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரு வேலையிலிருந்து நழுவும்போது மூன்று விடயம் எழுதுங்கள்: என்ன செய்ய இருந்தேன், அதற்குப் பதிலாக என்ன செய்தேன், நழுவுவதற்குச் சற்று முன்னால் உள்ளே என்ன நடந்தது.

மூன்றாவதுதான் கடினம். "மனமில்லை" என்று எழுதினால் பயனில்லை. இப்படி இருக்க வேண்டும்: "செவ்வாய், பின்னேரம் 4.10. பௌதிகவியல் கடந்தகால வினாத்தாள் செய்ய இருந்தேன். போனில் கிரிக்கெட் பார்த்தேன். அதற்கு முன்: முதல் கேள்வியே விளங்கவில்லை, வயிற்றைப் பிசைந்தது, ரியூசனில் எல்லாருக்கும் விளங்கியது எனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்தேன்."

இந்தக் கிழமை உங்களைத் திருத்த முயல வேண்டாம். நழுவுங்கள், நழுவினதை எழுதுங்கள், அவ்வளவுதான்.

படி 2: எங்கே கடிக்கிறது என்று பாருங்கள்

ஏழு நாள் முடிய மூன்றாவது பகுதியை மட்டும் வரிசையாக வாசியுங்கள். பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ திரும்பத் திரும்ப வரும்.

சிலருக்கு அது வெறும் சலிப்பு. கணக்குப் பேரேட்டை நிரப்புவது, படிவம் நிரப்புவது. இதற்கு உளவளத்துணை (கவுன்சலிங்) வேண்டாம், நேரே ஆறாம் படிக்குப் போகலாம். சிலருக்கு எங்கே தொடங்குவதென்று தெரியாமை. "வீசாவுக்கு அலுவல் பார்க்க வேண்டும்" என்று ஒரு வருடம் சொல்வார்கள், முதலில் எந்தக் கடிதம் யாரிடம் எடுப்பது என்று ஒருவரைக் கேட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

பயம்தான் பெரிய கூட்டம். அதிலும் ஒரு தந்திரமான பயம் இருக்கிறது. நன்றாகப் படித்தும், கம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி குறைந்து வந்தால் "இவனுக்கு மூளை இல்லை" என்று ஆகிவிடும். படிக்காமல் விட்டுக் குறைந்தால் "கெட்டிக்காரன்தான், படிக்கேல்லை" என்று சொல்வார்கள். கடைசி இரவில் எழுதுகிறவருக்கு இந்தக் கவசம் எப்போதும் கையில் இருக்கும். பாடசாலையில் முதலாம் பிள்ளையாக வந்தவர்கள் இதற்குள் விழுவதை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

வெட்கம் அதற்குத் தம்பி. 1990இலிருந்து சில வருடங்கள் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் திரி போட்டு, அரும்பொட்டு மண்ணெண்ணெயில் படித்துச் சோதனை எழுதிய தலைமுறை எங்கள் பெற்றோர். "நாங்கள் குப்பிவிளக்கில படிச்ச ஆக்கள், உனக்கு என்ன குறை?" என்று அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் கேட்கிற பிள்ளைக்கு அதிலிருந்து வீரம் பிறப்பதில்லை. குறை ஒன்றும் இல்லாமலே என்னால் முடியவில்லையே என்ற வெட்கம்தான் பிறக்கிறது. வெட்கம் வந்த வேலையை மனம் இன்னும் தூரத் தள்ளும்.

கடைசியாக ஒன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: கோபம். உயிரியல் பிரிவு அம்மாவின் தெரிவு, பிள்ளைக்குக் கலைப்பிரிவு விருப்பம். எதிர்த்துக் கதைக்க முடியாத வீட்டில், படிக்காமல் இருப்பதுதான் "மாட்டேன்" என்பதன் மறுபெயர். இந்த வகைக்கு எந்த அட்டவணையும் வேலை செய்யாது.

படி 3: இது நோயின் முகமா?

சின்னப் படி, தவிர்க்க முடியாத படி. எல்லா வேலையும் பாரமாக இருந்தால், முன்பு விருப்பமாக இருந்த விளையாட்டும் பாட்டும்கூட ருசிக்காவிட்டால், நித்திரையும் பசியும் மாறி, இரண்டு கிழமைக்கு மேல் அப்படியே நீடித்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். சிறு வயதிலிருந்தே ஒன்றிலும் கவனம் நிற்காமல், தொடங்கியதை முடிக்காமல், பொருட்களைத் தொலைத்துக்கொண்டே இருந்தவருக்குக் கவனக்குறைபாட்டுப் பிரச்சினை இருக்கலாம். இரத்தசோகையும் தைரொயிட் குறைபாடும் ஆளை இதேபோலச் சோரவைக்கும். இவற்றை வைத்தியர்தான் பார்க்க வேண்டும். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை.

வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் வழிகாட்டி வாசிப்பதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் கதைக்கலாம்.

படி 4: உளவளத்துணைக்குப் போவது

இந்தச் சொல் எங்கள் ஊருக்குள் பரவலானது போராலும் 2004 சுனாமியாலும்தான். அதனால் இன்னும் பலர், பெரிய இழப்பைக் கண்டவருக்குத்தான் அது என்று நினைக்கிறார்கள். ஆய்வேடு எழுதாததற்கெல்லாம் போய் ஒருவரின் நேரத்தை எடுப்பதா என்று நானும் கூச்சப்பட்டேன். மற்றப் பயம் உங்களுக்கே தெரியும்: "விசர் எண்டு சனம் கதைக்கும்."

எங்கே போகலாம்? பிரதேச செயலகங்களில் உளவளத்துணைக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், பணம் கேட்க மாட்டார்கள். கம்பஸில் மாணவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள், பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் இருப்பார். வெளியே, சாந்திகம் போன்ற நிறுவனங்கள் யாழ்ப்பாணத்தில் பல காலமாக இதைச் செய்து வருகின்றன. தெரிந்த முகம் கண்டுவிடும் என்று தயங்கினால் உங்கள் ஊரை விட்டு இரண்டு ஊர் தள்ளிப் போங்கள். உள்ளே இருப்பவர் உறவுக்காரராகவோ அம்மாவின் சிநேகிதியாகவோ இருந்தால் அதைச் சொல்லி வேறொருவரைக் கேளுங்கள். அது அவமரியாதை இல்லை.

முதல் நாளே மூன்று கேள்வி கேட்கலாம். நீங்கள் எங்கே பயின்றீர்கள்? நான் சொல்வது யாருக்குப் போகும்? எத்தனை தடவை வர வேண்டியிருக்கும்? நல்ல உளவளத்துணையாளர் இவற்றுக்கு முகம் சுளிக்க மாட்டார். இரகசியம் காப்பதாகச் சொல்வார், உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் அதை மீற வேண்டிவரும் என்பதையும் சேர்த்தே சொல்வார்.

நான் முதலில் போன இடத்தில், பெயர் வேண்டாம், ஒருவர் நாற்பது நிமிடம் அம்மா அப்பாவின் தியாகத்தைப் பற்றி எனக்கு எடுத்துச் சொன்னார். வெளியே வந்து சைக்கிளில் ஏறும்போது போன நேரத்தைவிடப் பாரமாக இருந்தது. அது புத்திமதி. புத்திமதிக்கு உளவளத்துணைக்குப் போகத் தேவையில்லை, எங்கள் ஊரில் சந்திக்குச் சந்தி கிடைக்கும். அப்படி நடந்தால் ஆளை மாற்றுங்கள், முயற்சியை விட வேண்டாம்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு நடுத்தர வயது அம்மா இருந்தார். இரண்டு கதிரை, சத்தம் போடும் மின்விசிறி. ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. அரை மணி நேரம் கதைத்த பிறகு, "தம்பி, அந்தக் கோப்பைத் திறக்கிற நேரம் உடம்பில எந்த இடத்தில என்ன நடக்குது?" என்றார். "நெஞ்சுக்குள்ள இறுகுது" என்றேன். "அது ஆரைக் கண்டால் வழக்கமா இறுகும்?" என்று அடுத்த கேள்வி. பதிலை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அது என் மேற்பார்வையாளர் அல்ல என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு செய்தது பெரும்பாலும் எழுத்து வேலைதான். 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க உளமருத்துவர் உருவாக்கிய அறிதல் நடத்தை முறை அது. ஒரு சம்பவத்தை நாலாகப் பிரிப்பார்கள்: நடந்தது, அப்போது ஓடிய எண்ணம், வந்த உணர்வு, செய்த செயல். என் கொப்பியிலிருந்து ஒன்று: மேற்பார்வையாளரின் மின்னஞ்சல் வந்திருக்கிறது. எண்ணம், "என்னை நீக்கிவிட்டார்." உணர்வு, பயம். செயல், திறக்காமல் நான்கு மாதம். பிறகு உளவளத்துணை அம்மா கேட்பார்: அந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன? எதிரான ஆதாரம் என்ன? இதே நிலையில் உங்கள் நண்பன் இருந்தால் அவனுக்கு என்ன சொல்வீர்கள்? வழக்குமன்றம் மாதிரித்தான், வித்தியாசம் என்னவென்றால் இங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பது எண்ணம், நீங்கள் அல்ல.

அடுத்தது பரிசோதனை. "வாற கிழமை வேணுமெண்டே மோசமா ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாங்கோ" என்றார். நான் எழுதினேன். மோசமாக எழுதச் சொன்னதால் அது இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒன்றரை வருடத்தில் நான் எழுதிய முதல் பக்கம் அது. அதை அவர் வாசித்துவிட்டுப் பேசாமல் திருப்பித் தந்தார். வானம் இடிந்து விழவில்லை. அன்று மாலை அந்த மின்னஞ்சலையும் திறந்தேன். மேற்கோள் போடும் முறையில் இரண்டு திருத்தம், "வியாழக்கிழமை வந்து சந்திக்கவும்." அந்த வியாழன் போய்ப் பதினாறு கிழமை ஆகியிருந்தது.

இந்த முறைக்கு வழக்கமாக ஆறு முதல் இருபது அமர்வு வரை எடுக்கும், அமர்வு ஒரு மணி நேரம் அளவில். முதல் இரண்டில் பெரிதாக ஒன்றும் நடக்காதது போலத்தான் இருக்கும். கோபத்தால் தள்ளிப்போடுகிறவர்களுக்குப் பெற்றோரையும் ஒரு நாள் கூப்பிட்டுக் கதைக்கலாமா என்று கேட்பார்கள். சம்மதம் உங்களுடையது, வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் அந்த உயிரியல் பிரிவுக் கதை வேறு எந்த வழியாலும் தீர்ந்ததை நான் காணவில்லை.

படி 5: பழைய கணக்கை மூடுங்கள்

2010இல் கார்ல்டன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. முதற் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட மாணவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். எங்கள் வளர்ப்புக்கு இது தலைகீழாகத் தெரியும், தன்னைத்தானே திட்டினால்தான் உறைக்கும் என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. கொப்பியின் ஒரு பக்கத்தில் வீணாய்ப் போன காலத்தை நேர்மையாக எழுதி, கீழே திகதி போட்டுக் கோடு இழுத்துவிடுங்கள். "ரண்டு வருசத்தையும் இந்த மாதத்திலயே பிடிச்சுக் காட்டுறன்" என்ற சபதம் வேண்டாம், அது அடுத்த தள்ளலுக்கு விதை.

படி 6: இப்போது மணிக்கூடு

சரி, இனி நேரம். முதலில் நம் மதிப்பீடு எவ்வளவு பிழை என்று தெரிந்துகொள்ளுங்கள். 1994இல் கனடாவில் இறுதியாண்டு உளவியல் மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே பிழைத்தால் எத்தனை நாள் என்று கேட்டதற்குக்கூட 49 நாளுக்குக் கீழேதான் சொன்னார்கள். எடுத்தது 55 நாள். ஆகவே உங்கள் மனம் சொல்லும் நாட்களை ஒன்றரையால் பெருக்கி, அதன் மேல் இன்னும் கொஞ்சம் போடுங்கள். ஆறு நாள் என்று தோன்றினால் பத்து நாள் ஒதுக்குங்கள். "ஒரு பின்னேரத்தில முடிக்கலாம்" என்பவை எனக்குப் பெரும்பாலும் இரண்டு பின்னேரம் எடுத்திருக்கின்றன.

பிறகு உங்கள் வீட்டு நாள் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். புத்தகங்கள் சொல்லும் நாள் ஓர் அறையில் தனியே இருக்கிறவருடைய நாள். எங்கள் நாள் அப்படியில்லை. விடிய நாலரை முதல் ஆறரை வரை குளிர்மை, வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பங்குனி சித்திரை வெக்கையில் யாரும் மூளையால் வேலை செய்ய முடியாது, அந்த நேரத்தை வெளி அலுவலுக்கும் நித்திரைக்கும் விட்டுவிடுங்கள். பின்னேரம் படிக்கலாம் என்று இருந்தால் அங்கேதான் கனடா வருகிறது. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணி பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி. மாமா காலை எட்டு மணிக்கு எழும்பிக் கோப்பியோடு வட்ஸ்அப் எடுக்கும்போது இங்கே பின்னேரம் ஐந்தரையோ ஆறரையோ. வீட்டில் எல்லாரும் போனைச் சுற்றி நிற்பார்கள், பிள்ளையும் வந்து முகம் காட்ட வேண்டும். மாமாவிடம் ஒரு தடவை சொல்லி ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். நான் மாற்றினேன், அவர் கோபிக்கவில்லை. "எனக்கும் அது வசதிதானடா" என்றார்.

ஒரு நாளில் உண்மையில் கிடைக்கும் நல்ல நேரம் இரண்டு துண்டுதான் இருக்கும். அதில் ஒன்றை அந்தப் பெரிய வேலைக்கு எழுதி வையுங்கள். ஒன்று மட்டும். இரண்டாவது துண்டு, முதலாவது தவறும் நாளுக்கு.

அப்புறம் வேலையின் அளவு. "ஆய்வேடு எழுதுதல்" ஒரு வேலை அல்ல, அது ஒரு மலை. "இரண்டாம் அத்தியாயக் கோப்பைத் திறந்து மூன்று வரி எழுதுதல்" ஒரு வேலை. "காணி அலுவல்" வேலை அல்ல. "உறுதியை இரண்டு பிரதி எடுத்தல்" வேலை. சிரிப்பு வரும் அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் நெஞ்சு இறுகாமல் கை போகும்.

அந்தச் சின்ன வேலையை ஏற்கனவே நடக்கும் ஒரு பழக்கத்தோடு கட்டிவிடுங்கள். ஜெர்மன் உளவியலாளர் பீற்றர் கொல்விற்சர் இந்த "இது நடந்தால் அது செய்வேன்" முறையைப் பற்றி 1990களில் நிறைய எழுதினார். "காலையில் எழுதுவேன்" என்பது ஆசை. "விடியத் தேத்தண்ணி குடித்து முடிந்து கோப்பையைக் கழுவி வைத்ததும், கதிரையில் உட்கார்ந்து ஆய்வேட்டுக் கோப்பைத் திறப்பேன்" என்பது திட்டம். தடைக்கும் இப்படியே எழுதலாம்: "கரண்ட் போனால், அச்சடித்த பக்கத்தைப் பேனையால் திருத்துவேன்."

இருந்ததும் 25 நிமிடம் வைத்து வேலை, 5 நிமிடம் ஓய்வு. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறை மணிக்கூட்டை வைத்துத் தொடங்கிய பழக்கம், அதனால்தான் பொமொடோரோ என்று பெயர், இத்தாலிய மொழியில் தக்காளி. போனில் இதற்குச் செயலிகள் இருக்கின்றன, வேண்டாம். சந்தைக் கடையில் வாங்கும் நாலு மூலை மணிக்கூடு போதும். போன் இன்னொரு அறையில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அம்மம்மாவின் தலையணைக்குக் கீழே வைத்தேன், அவவை எழுப்பி அதை எடுக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

படி 7: வெளியே ஒரு பூசை மணி

நல்லூர்க் கோவிலைப் பாருங்கள். ஊர் முழுக்கப் பிந்தி வரும், கலியாண வீட்டில் சாப்பாடும் பிந்தும், ஆனால் நல்லூரில் பூசை நேரத்துக்கு நடக்கும். யாருக்காகவும் ஒரு நிமிடம் நிற்காது. நாள் கடத்தும் நான்கூடத் தேருக்கு ஒரு தடவையும் பிந்தியதில்லை. காத்திருக்காது என்று தெரிந்த ஒன்றுக்கு நாம் நேரத்துக்குப் போகிறோம்.

2002இல் நடத்தைப் பொருளியலாளர் டான் அரியலியும் அவருடைய சகாவும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருந்தும். கடைசியில் ஒரே ஒரு முடிவுத் திகதி கொடுக்கப்பட்டவர்களைவிடத் தாங்களே இடையில் திகதிகள் வைத்துக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். வெளியிலிருந்து சம இடைவெளியில் திகதி விதிக்கப்பட்டவர்கள் எல்லாரையும்விட நன்றாகச் செய்தார்கள். ஆகவே உங்கள் திகதியை இன்னொருவர் கையில் கொடுங்கள். நான் மேற்பார்வையாளரிடம் போய், ஒவ்வொரு இரண்டாவது வியாழனும் எந்த நிலையில் இருந்தாலும் இருக்கிற பக்கத்தைக் கொண்டுவருகிறேன் என்றேன். "எந்த நிலையில் இருந்தாலும்" என்பதுதான் அதில் முக்கியம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆறு பக்கம் எண்டாலும் கொண்டு வாரும்" என்றார்.

கூட இருந்து படிக்க ஒருவரைத் தேடுவதும் இதில் சேரும். பாடம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. யாழ் பொது நூலகத்தில் எதிரெதிரே இருந்து, ஒருவர் சட்டம், ஒருவர் கணக்கியல் படிக்கலாம். கதைப்பது மட்டும் வெளியே, தேத்தண்ணிக் கடையில்.

வீட்டாருக்கு ஒரு சொல்

"படிச்சியா?" என்ற கேள்விக்கு "ஓம்" என்ற பொய்யைத் தவிர வேறு பதில் இல்லை. "இப்ப எந்த இடத்தில நிக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பிள்ளை தன் வேலையைப் பார்த்தாக வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்க வேண்டாம். குப்பிவிளக்குக் கதையையும் சொல்லுங்கள், ஆனால் அந்த விளக்கில் நீங்கள் எத்தனை நாள் புத்தகத்தை மூடிவிட்டு நித்திரையாகினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

திரும்ப வழுக்கினால்

வழுக்கும். மூன்று கிழமை ஒழுங்காகப் போய், ஒரு செத்தவீடு, ஒரு காய்ச்சல், ஒரு உறவினர் வருகை, அதோடு தொடர் அறுந்துவிடும். அப்போது புது அட்டவணை போட உட்கார வேண்டாம். பழைய கொப்பியை எடுத்து ஒரே ஒரு நாளுக்கு முதற்படியைச் செய்யுங்கள்: நழுவ முன் உள்ளே என்ன நடந்தது? பெரும்பாலும் அதே பழைய விருந்தாளிதான் இருப்பார். பிறகு அன்றைக்கே சிரிப்பு வரும் அளவுக்குச் சிறிய ஒரு வேலை, 25 நிமிடம்.

ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த பிறகு உளவளத்துணை அம்மா, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை வாங்கோ என்று திகதி குறித்துத் தந்தார். நான் அந்தத் திகதிக்குப் போகவில்லை. பதினொரு நாள் பிந்திப் போய் வாசலில் நின்றேன். அவர் சிரித்துவிட்டுக் கதிரையைக் காட்டினார். "சரி, இருங்கோ. இந்தப் பதினொரு நாளும் கொப்பியில என்ன எழுதியிருக்கிறீங்கள்?"

கொப்பியைக் கொண்டுபோயிருந்தேன்.